ஒரே இரத்தம், இரண்டு விடைகள்

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் குடிநீரைக் குடத்திலும் தொட்டியிலும் பல நாள் சேமித்துப் புழங்குவது பழைய வழக்கம். குடற்காய்ச்சல் எனப்படும் டைபாய்டு, அசுத்த நீரால் பரவுவது. ஆகவே காய்ச்சல் நாலைந்து நாள் நீடித்தால் வைடால் சோதனை என்ற பேச்சு எழுவதில் வியப்பில்லை. ஒரு லேப் 1:80 என்று எழுதித் தருகிறது. ஐயம் தீர வேறொன்றுக்குப் போனால் 1:160 என்கிறது. எது உண்மை? இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்றால் நம்புவீர்களா?

1896இல் பிரெஞ்சு மருத்துவர் வைடால் அறிவித்த முறை இது. நோய்க்கிருமி உடலில் புகுந்தால், அதை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் தோன்றுகின்றன. இரத்தத்தினின்று சீரத்தைப் பிரித்து, உப்புநீரால் 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு என இரட்டித்து நீர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு குழாயிலும் கொல்லப்பட்ட டைபாய்டுக் கிருமிகள் கலந்த கரைசலை விடுவார்கள். எதிர்ப்பொருள் போதிய அளவு இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். திரட்சி தெரியும் கடைசி நீர்த்தலே விடை. 80க்கும் 160க்கும் இடையே இதில் எண்ணே கிடையாது. ஒரு நீர்த்தல் மேலோ கீழோ போவது இம்முறையின் இயல்பான தள்ளாட்டம். அன்றியும், திரட்சியைக் கண்ணால் பார்த்தே தீர்மானிக்கிறார்கள். கிருமிக் கரைசல் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுகிறது. கண்ணாடித் தகட்டில் சில நிமிடங்களில் பார்ப்பது வேறு, குழாயில் ஓரிரவு வைத்துப் பார்ப்பது வேறு.

ஆகவே எண்கள் மாறுவதை நான் குறை கூறவில்லை. குறை சீட்டில் இருக்கிறது. எண்ணும் ‘பாசிடிவ்’ என்ற சொல்லும் இருக்கும். எந்த முறை, யாருடைய கரைசல், எதற்கு மேல் பாசிடிவ் என்பன பல சீட்டுகளில் இரா. மெட்ரிக் முறை வருமுன் மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ‘எந்த ஊர் மரக்கால்?’ என்று கேட்டு விலை பேசிய சம்சாரி, லேப் சீட்டின் முன் மட்டும் ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்?

டைபாய்டு மலிந்த பகுதிகளில், எப்போதோ வந்துபோன தொற்றின் விளைவாக, நோயற்றவர் இரத்தத்திலும் 1:40, 1:80 காணலாம். அப்பகுதியின் இயல்பு அளவு தெரியாமல் குத்தும் ‘பாசிடிவ்’ முத்திரையால், வேண்டாத ஆன்டிபயாடிக் உள்ளே போகிறது. உண்மையில் டெங்குவாகவோ உண்ணிக் காய்ச்சலாகவோ இருந்தால் அது கவனிப்பாரற்று முற்றுகிறது.

சிறு லேப்களை மட்டும் பழிக்க வேண்டா. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து கொரோனா விரைவு எதிர்ப்பொருள் சோதனைப் பட்டைகள் வந்திறங்கின. பி.சி.ஆர். சோதனையில் தொற்று உறுதியானவர்களிடம் அவற்றின் கண்டறிதிறன் 6 சதவீதம் முதல் 71 சதவீதம் வரை மாறுபடுவதாக 21ஆம் தேதி ஐ.சி.எம்.ஆர். கூறி, இரண்டு நாள் நிறுத்திவைக்கச் சொன்னது. 27ஆம் தேதி, இரு நிறுவனங்களின் பட்டைகளைத் திருப்பி அனுப்புமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. முடிவு சரியே. ஆனால் எதிர்ப்பொருள் தோன்ற ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். தொற்றிய எத்தனையாவது நாளில் இரத்தம் எடுத்தார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல், பட்டையின் குற்றம் எவ்வளவு, நாளின் குற்றம் எவ்வளவு என்று பிரிக்க இயலுமா?

பொதுவான மரக்கால் செய்ய முடியாததன்று. 1897இலேயே பால் எர்லிக் தொண்டை அடைப்பான் எதிர்நஞ்சுக்கு ஒரு படித்தர அளவை வகுத்தார். கொரோனா எதிர்ப்பொருளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 டிசம்பரில் படித்தரம் ஒன்றை ஏற்றது. எந்தக் கூடமும் அதனோடு ஒப்பிட்டுத் தன் எண்ணைப் பொது அலகுக்கு மாற்றலாம். வைடால் சீட்டிலோ வெறும் நீர்த்தல் எண்தான்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரண்டாம் சோதனைக்கு வேறு லேப் தேடி ஓடாதீர்கள். ஏழு முதல் பத்து நாள் கழித்து அதே கூடத்தில், அதே முறையில் பாருங்கள். 80 என்பது 320 ஆனால், அதாவது நான்கு மடங்கு ஏறினால், அதற்குப் பொருள் உண்டு. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத காய்ச்சல் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்குமுன் இரத்தத்தில் கிருமியையே வளர்த்துப் பார்க்கும் ‘பிளட் கல்ச்சர்’ எடுக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்; முதல் வாரத்தில் அதுவே மேலான சான்று.