பாறையும் கூடையும்: மலையேற்றப் புகைப்படம் பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டங்களில் ‘மலைக்குப் போதல்’ என்னும் தொடர் வேலைக்குப் போதலையே குறிக்கும். கொழுந்து பறிக்கும் நிலப்பகுதிக்கு அங்கு வழங்கும் பெயர் ‘மலை’ என்பதாகும். அதே தொடரைப் பாறையேற்றத்தில் ஈடுபாடுடைய ஒருவர் கூறும்பொழுது அது உழைப்பினின்றும் நீங்கி இயற்கையை எதிர்கொள்ளச் செல்வதைக் குறிக்கின்றது. ஏறுதல் என்னும் ஒரே செயல் ஓரிடத்தில் சாதனையாகவும் பிறிதோரிடத்தில் வெறுங்காட்சியாகவும் தோன்றுவதற்குப் புகைப்படக் கலை எவ்வாறு துணைபோயுள்ளது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினாவாகும்.

பாறையேற்றத்தின் அனுபவம் யாது? விரல்நுனியிலும் பாதவிளிம்பிலும் உடலின் பாரம் தங்குதல், அடுத்த பிடி கிட்டுமோ என்னும் ஐயம், காலடியில் விரியும் ஆழம் ஆகியன சேர்ந்ததே அது. இவற்றுள் கமராவுக்கு நேரடியாக அகப்படுவது ஆழம் மட்டுமே. அதுவும் எளிதில் அகப்படுவதில்லை. எதிர்க்குன்றிலிருந்து தொலைநோக்கு வில்லை கொண்டு எடுத்தால் சரிவு தட்டையாகிவிடும். கீழிருந்து எடுத்தால் உயரம் குறுகி, ஏறுபவரின் முதுகே முன்னிற்கும். ஏறுபவரின் முகமும் கையும் காலடி ஆழமும் ஒருங்கே தோன்ற மேலிருந்து எடுக்கப்படும் படமே அனுபவத்தை அணுகவல்லது. அதற்குப் படமெடுப்பவரும் ஏறியிருத்தல் வேண்டும். அழகியல் பற்றிய வினா இவ்விடத்தில் உழைப்புப் பற்றிய வினாவாக மாறிவிடுகின்றது.

அமெரிக்காவின் எல் கப்பிட்டான் பாறையில் 2017 ஜூன் 3ஆம் திகதி அலெக்ஸ் ஹொனோல்ட் கயிறின்றி ஏறியதைக் காட்டும் ‘ஃப்ரீ சோலோ’ (2018) என்னும் ஆவணப்படம் இதற்குத் தக்க சான்றாகும். அதனைப் படம்பிடித்தோர் பலர் தாமே பாறையேறிகள். தம் இருப்பே அவரது வீழ்ச்சிக்குக் காரணமாகிவிடுமோ என அவர்கள் அஞ்சுவதையும், அவருள் ஒருவர் காண இயலாது முகந்திருப்புவதையும் படம் மறைக்கவில்லை. பார்ப்பவருக்கும் ஏறுபவருக்குமுள்ள உறவை ஒப்புக்கொண்டமையே அப்படத்தின் வலிமை எனலாம்.

எனினும் மலையேற்றப் படங்களின் வரலாற்றில் இத்தகைய நேர்மை அரிதாகும். விற்றோரியோ செல்லா 1909இல் கரக்கோரத்தில் எடுத்த கம்பீரமான காட்சிகளை வியக்கும் நாம், அவ்வகைப் பயணங்களின் சுமையைத் தூக்கிய முதுகுகளை நினைப்பதில்லை. 1953 மே 29ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் நோர்கே நிற்க, எட்மண்ட் ஹில்லறி எடுத்த படம் ஒரு விதிவிலக்கு. 1935இல் சுமையாளராக மலையேற்றக் குழுவிற் சேர்ந்தவர் அங்கு படத்தின் நடுவே நிற்கின்றார்.

நமது மலைநாட்டுக்கு வருவோம். புகழ்பெற்ற பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இலங்கை வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்தார். கோல்புறூக்–கமரூன் சீர்திருத்தத்தோடு தொடர்புடைய அவருடைய கணவர் இங்கு கோப்பித் தோட்டங்களுக்கு உடைமையாளர். கமரூனின் படங்களில் தோட்டத் தொழிலாளரும் உளர். ஆனால் அவர்கள் அசையாது நிற்கின்றனர். ஈரத்தகட்டு முறையில் படமெடுக்கும் வரை அசையாதிருத்தல் தவிர்க்க முடியாதது. அது தொழில்நுட்பத்தின் நிபந்தனை. ஆயின், யார் யாரை நிற்கவைத்தார் என்பதை நிர்ணயித்தது தொழில்நுட்பமன்று. தோட்டத்தின் உற்பத்தி உறவே.

அத்தொழில்நுட்பத் தடை நீங்கி நெடுங்காலமாயிற்று. ஆனால் நோக்கு மாறியதா? இலங்கையில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. மழையில் வழுக்கும் பாறை, காலைக் கடிக்கும் அட்டை, இடுப்பிற் கட்டிய படங்கு, தலையிற் கயிறிட்டு முதுகில் தொங்கவிட்ட கூடை ஆகியவற்றோடு அங்கு பெண்கள் சரிவேறுகின்றனர். கொழுந்து நிறைய நிறையப் பாரம் கூடும். பாரம் கூடக்கூடக் கால் தடுமாறும். சுற்றுலா, தேயிலை விளம்பரங்களிலோ வெயில் நாளும் எதிர்க்குன்றுப் பார்வையும் புன்னகையுமே வாய்பாடாகிவிட்டன. சரிவு பச்சைக் கம்பளமாகின்றது. ஏறுபவர் அதன்மீது வண்ணப் புள்ளியாகின்றார். பாறையேறிக்குப் படத்தின் கீழ்ப் பெயர் உண்டு. கொழுந்து பறிப்பவருக்கு இல்லை.

பாறையேறியின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவரது ஆபத்து மெய்யானதே. ஆயின் அவர் பாதிவழியில் இறங்கிவரலாம்; மாலையில் நிறை காட்டவேண்டியவருக்கு அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாட்டை மறைக்கும் படம் எத்துணை அழகுடையதாயினும் அனுபவத்தைப் பொய்ப்பிப்பதே.

இன்று தோட்டத்து இளைஞர் கைகளிலும் கைத்தொலைபேசிக் கமரா உண்டு. கருவி கைமாறியமை மட்டும் போதாது. அவர்களும் எதிர்க்குன்றிலேயே சென்று நின்றால் பழைய படமே மீண்டும் பிறக்கும். தன் தாய் கொழுந்து பறிக்கும் நிரையில் அவளுக்கு ஓரடி மேலே ஏறி நின்று, அவள் முகமும் கூடையின் பாரமும் காலடிப் பாறையும் ஒருங்கே தெரிய ஒருவர் எடுக்கும் படமே மலையக மலையேற்றத்தின் முதல் உண்மையான ஆவணமாக அமையும். அதன் கீழ் அவள் பெயரும் இருத்தல் வேண்டும்.