வேலனும் டாக்டரும் கேட்காதது

திருவல்லிக்கேணியில் மந்திரிப்பும் மாத்திரையும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. பெரிய மசூதி வாசலில் மகளுக்கு ஓதி ஊதச் சொல்லி நிற்கும் தாய், மறுநாள் அவளையே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவாள். நம்பிக்கையா அறிவியலா என்று பட்டிமன்றம் நடத்துவது நாம்தான்.

வெறியாட்டுப் பாடல்களில் தாய் வேலனை அழைப்பதை அவளுடைய அறியாமை என்று சொல்லி வகுப்பில் கடந்துவிடுகிறோம். வெறிபாடிய காமக்கண்ணியார் அப்படிக் கடக்கவில்லை. அகநானூறு 22இல் பேசுபவளே நோயுற்றவள். முதுபெண்டிர் காரணம் சொல்கிறார்கள், களம் அமைக்கிறார்கள், வேலன் ஆடுகிறான். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. இரவில் காதலன் வந்து நோய் தணிந்ததும், சம்பந்தமே இல்லாத வேலனை நினைத்துச் சிரிக்கிறாள். நோயாளியே மருத்துவத்தை விமர்சிக்கும் பாட்டு இது, எழுதியவரும் பெண்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த தனியார் காப்பகம் எரிந்தது. 28 பேர் செத்தார்கள். தர்காவைத் திட்டுவது சுலபம். சாவியோ காப்பகம் நடத்தியவர்களிடம் இருந்தது. கொண்டுவந்து விட்டது குடும்பம்.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடுக்கிறது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் மருத்துவர் அறையில், “என்ன செய்யுது?” என்ற கேள்வி இன்னமும் கூட வந்தவரிடம்தான் போகிறது. “சமைக்கிறதே இல்ல டாக்டர்” என்கிறார் கணவர். அது நோய்க்குறியாகச் சீட்டில் ஏறுகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாக ஒருமுறை நான் போனேன். என்னைத்தான் கேட்டார்கள். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.