கயிற்றின் மறுமுனை

வடமேற்கு லண்டனில் என் பெரியம்மா இருப்பது ஒற்றைப் படுக்கையறை வீடு. குளியலறைக் கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்குகிறது. விழுந்து கிடப்பவரின் கைக்கும் எட்ட வேண்டும் என்பதற்காகத் தரையைத் தொட்டும் தொடாமலும் விடப்பட்ட கயிறு. அண்மையில் நான் போனபோது அதைச் சுருட்டி, துவாய் போடும் கம்பியில் முடிந்து வைத்திருந்தார். "நிலம் துடைக்கேக்கை கை பட்டுடுது பிள்ளை. பட்டால் உடனை சுவருக்குள்ளாலை ஆரோ இங்கிலிசிலை கதைக்கினம்" என்றார். முடிச்சை அவிழ்த்துவிட்டு வந்தேன். அடுத்த முறை போகும்போது மறுபடி முடிந்திருக்கும்.

இந்த வகை வீடுகளை இங்கே ஷெல்ட்டர்ட் ஹவுசிங் என்கிறார்கள். ஊரில் யாராவது கேட்டால் நம்மவர்கள் இதை 'முதியோர் இல்லம்' ஆக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குக் கூசியே, முழங்கால் வலிக்கும் பெற்றோரை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில் வைத்திருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றல்ல. இல்லத்தில் கட்டிலும் சாப்பாட்டு நேரமும் நிர்வாகத்தினுடையவை. இங்கே வாடகை ஒப்பந்தம் பெரியம்மாவின் பெயரில் இருக்கிறது, சாவி அவர் கையில் இருக்கிறது. இன்றைக்குப் புட்டா இடியப்பமா, யாரை உள்ளே விடுவது, எத்தனை மணிக்கு விளக்கணைப்பது எல்லாம் அவர் தீர்மானம். உள்ளூராட்சிக் கவுன்சிலோ வீட்டுவசதிச் சங்கமோ 55 அல்லது 60 வயதைக் கடந்தவர்களுக்கு வாடகைக்குத் தரும் வீடுகள் இவை. பொது அறை, துணி துவைக்கும் அறை, உறவினர் வந்து தங்க ஒரு விருந்தினர் அறை, இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் அவசர அழைப்பு. இவைதான் கூடுதலாகக் கிடைப்பவை.

இப்படியொரு ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? ஏழை விடுதி முறைக்கு முடிவுகட்டிய தேசிய உதவிச் சட்டம் 1948இல் வந்த பிறகும், பழைய ஏழை விடுதிக் கட்டடங்களிலேயே பிரிட்டனின் முதியவர்கள் பலர் நாள் கழித்தார்கள். பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியலாளர் 173 இல்லங்களைப் போய்ப் பார்த்து, 1962இல் 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' என்ற நூலை வெளியிட்டார். இல்லங்களில் இருந்த பலருக்கு அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏற்ற வீடும் சிறு கைத்துணையும் கிடைத்தால் தாமாகவே வாழ்ந்துகொள்வார்கள் என்பது அவர் கண்டது. 1969இல் வீட்டுவசதி அமைச்சு 82/69 என்ற சுற்றறிக்கையில் இவ்வீடுகளுக்கான அளவுகோலை வகுத்தது. உடல் தளர்ந்தவர்களுக்கான வகையில் குடியிருப்பாளர்களைக் கவனித்துக்கொள்ளும் வார்டன், அழைப்பு மணி, பொது அறை, மூடிய நடைவழி எல்லாம் இருக்க வேண்டும் என்றது. நடைவழி சின்ன விஷயம் போலத் தெரியும். ஜனவரியில் உறைபனி பிடித்த நடைபாதையில் கால் வைக்காமலே பெரியம்மா துணி துவைத்துவிட்டு வருகிறார். இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் பெரிய பலமாக நான் கருதுவது, இது வாடகை வீடு என்பதைத்தான். 1980இல் வந்த சட்டம் கவுன்சில் வாடகைக்காரர்களுக்குத் தம் வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுத்தது. அதன்பின் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் பொது உடைமையிலிருந்து போய்விட்டன. வார்டன் சேவையோடு முதியோருக்கென்று கட்டிய வீடுகளுக்குச் சட்டம் விலக்களித்தது. அதனால்தான் ஒருவர் காலமானதும் வீடு விற்பனைக்குப் போகாமல், வரிசையில் காத்திருக்கும் அடுத்த முதியவருக்குப் போகிறது. தனியார் கட்டி விற்கும் ஓய்வுக்கால அடுக்குமாடிகளில் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போவதும், பெற்றோர் போன பிறகு அந்த வீட்டை விற்க முடியாமல் பிள்ளைகள் தவிப்பதும் அடிக்கடி கேட்கும் புகார்கள். பெரியம்மா விதவையாக, சேமிப்பென்று எதுவும் இல்லாமல் வந்தவர். குறைந்த வருமான முதியோருக்கான பென்சன் கிரெடிட் வாங்குபவருக்கு வாடகையின் பெரும்பகுதியை ஹவுசிங் பெனிஃபிட் என்ற வாடகை உதவி பார்த்துக்கொள்கிறது. சொத்தில்லாத ஒரு மூதாட்டிக்குத் தன் பெயரில் ஒரு கதவு கிடைக்கிறது. இதைச் செய்துகாட்டிய எந்த ஏற்பாட்டையும் நான் எளிதில் குறைசொல்ல மாட்டேன்.

இருந்தும் குறை சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பெரியம்மா 2001இல் குடிவந்தபோது தரைத்தளத்தில் ஒரு வார்டன் தன் குடும்பத்தோடு இருந்தார். காலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் இன்டர்காமில் குரல் கொடுப்பார். 2004 குளிர்காலத்தில் ஒரு நாள் பத்து மணியாகியும் பெரியம்மா வீட்டுத் திரைச்சீலை விலகவில்லை. வார்டன் மாற்றுச் சாவியால் திறந்து பார்த்தபோது, சர்க்கரை இறங்கி, அரை நினைவோடு கட்டிலோரம் கிடந்தார். கயிறு அப்போதும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. இழுக்கத்தான் கையில் பலமில்லை. கயிறு, இழுக்க முடிந்தவருக்கு மட்டுமே உதவும். இழுக்க முடியாதவருக்கு, திரைச்சீலையைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இன்று அந்தக் கட்டடத்தில் இல்லை. காணாமல் போனதற்குக் காரணம் கணக்கேட்டில் இருக்கிறது. முன்பு வார்டன் சம்பளம் பெரும்பாலும் வாடகையோடும் கட்டணத்தோடும் கலந்திருந்தது. 2003இல் 'சப்போர்ட்டிங் பீப்பிள்' என்ற திட்டம் வந்து, வீட்டுச் செலவையும் ஆதரவுச் செலவையும் பிரித்தது. ஆதரவுக்கான பணம் தனி மானியமாக வந்தது. அதை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்ற பூட்டும் இருந்தது. 2009இல் அந்தப் பூட்டை அரசு கழற்றியது. பிறகு வந்த சிக்கன ஆண்டுகளில் கவுன்சில்கள் பலவும் இதில் கைவைத்தன. குடியிருந்த வார்டனுக்குப் பதிலாகப் பல கட்டடங்களைச் சுற்றிவரும் ஓர் அலுவலர் வந்தார். சிக்கன ஆண்டுகளுக்கு முன்பே பார்னெட், போர்ட்ஸ்மத் கவுன்சில்கள் எடுத்த இப்படியான முடிவுகளை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். மாற்றுத்திறனாளிகள் பற்றிய சட்டக் கடமையை அவை முறையாகக் கருத்தில் கொள்ளவில்லை என்று உயர்நீதிமன்றம் 2009 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தள்ளாத வயதில் நீதிமன்றம் ஏறியவர்களின் வெற்றி அது. ஆனால் தீர்ப்பு கண்டித்தது முடிவெடுத்த முறையை மட்டும்தான். வார்டனை வைத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை.

பழைய முறையில் ஓர் அநீதி இருந்ததையும் மறைக்கக் கூடாது. வார்டன்களில் பெரும்பாலோர் பெண்கள். குடியிருக்க ஒரு வீட்டைக் கொடுத்து, இரவு பகலாக அவர்களை அழைப்பில் வைத்திருந்தார்கள். கட்டடத்திலேயே தங்கி அழைப்புக்குக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்று 2006இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. நியாயமான தீர்ப்பு. அதுவரை முதியவர்கள் அனுபவித்த நிம்மதியின் விலையில் ஒரு பகுதியை அந்தப் பெண்கள் தம் தூக்கத்தால் கொடுத்துவந்தார்கள். உழைப்புக்கு உரிய விலை கொடுக்க வேண்டி வந்தபோது, விலையைக் கொடுப்பதற்குப் பதில் வேலையையே எடுத்துவிடுவது நிர்வாகங்களுக்கு எளிதாயிற்று. எல்லா வார்டன்களும் நல்லவர்களாகவும் இருக்கவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து அதட்டியவர்களைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். அதற்கு மருந்து நல்ல பயிற்சியும் முறையான மேற்பார்வையும்.

இன்று பெரியம்மாவின் கட்டடத்துக்குச் செவ்வாய்க்கிழமை அரைநாள் ஒருவர் வருகிறார். மற்ற நேரமெல்லாம் கயிறுதான். அதன் மறுமுனையில் இருப்பவர் வேறு ஊரில், கணினித் திரையில் பெயரையும் வீட்டு எண்ணையும் பார்த்துக் கேட்கிறார். செத்தல் மிளகாய் தாளித்தாலும் சாம்பிராணி போட்டாலும் புகையுணர்வி கத்த, அதே குரல் வருகிறது. பெரியம்மாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: "ஓகே, ஓகே, தாங்க் யூ." முழங்கால் வீங்கியிருந்த நாளிலும் இதையேதான் சொன்னார். அந்தப் பழைய வார்டனுக்கும் தமிழ் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே அறிந்துகொள்வார்.

பொது அறையும் இப்போது வெறிச்சோடிக் கிடக்கிறது. அறுபது வயதுகளில் வந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள், அவர்களோடு கட்டடமும் மூத்துவிட்டது. சமைக்கவும் குளிக்கவும் கைத்துணை தேவைப்படும் நிலை வந்தால் இந்த ஏற்பாடு போதாது. பராமரிப்புப் பணியாளர்கள் அங்கேயே இருக்கும் எக்ஸ்ட்ரா கேர் வீடுகள் அதற்கென்று உண்டு, ஆனால் வேண்டியவர்களுக்கெல்லாம் போதுமான அளவில் இல்லை.

என் முடிவு இது. வாடகைக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்பு வீடு, தனித்து வாழ விரும்பும் முதியவருக்கு நான் அறிந்தவற்றில் மிக நல்ல ஏற்பாடு. இப்படியொரு வீடு தருவதாகக் கவுன்சில் கடிதம் வந்தால் வெட்கப்படாமல் சம்மதியுங்கள். ஆனால் ஆளில்லாத கட்டடத்துக்குப் பாதுகாப்பு வீடு என்ற பெயரை வைத்து அதற்குக் கட்டணமும் வாங்குவது தவறு. நாளுக்கு ஒரு முறையாவது கதவைத் தட்டிப் பார்க்கும் ஒருவரின் சம்பளத்தை, எவரும் கைவைக்க முடியாதபடி வீட்டுச் செலவிலேயே சேர்க்க வேண்டும்.

அதுவரை, லண்டனில் இதை வாசிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். 2027 ஜனவரி முடிவதற்குள் பிரிட்டனின் பழைய செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்புகள் நிறுத்தப்படுகின்றன. அவற்றை நம்பியிருக்கும் அழைப்புக் கருவிகள் பல, மாற்றாவிட்டால் வேலை செய்யாமல் போகலாம். புதிய இணைப்பு மின்சாரம் போனால் தானாக இயங்காது, அதற்குத் தனி பேட்டரி வேண்டும். இந்த வாரம் அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகும்போது, கருவியை மாற்றியாயிற்றா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். கயிற்றை ஒருமுறை இழுத்து, குரல் வர எத்தனை நேரமாகிறது என்று பாருங்கள். எங்காவது முடிந்து வைத்திருந்தால், அவிழ்த்துத் தரைவரை தொங்கவிட்டு வாருங்கள்.