நிருவாகியின் கல்வியும் நிறுவனத்தின் அளவுகோலும்

ஆளுவோனுக்கு வேண்டிய கல்வி யாது என்னும் வினா மிகப் பழையது. திருவள்ளுவர் பொருட்பாலின் தொடக்கத்தில் இறைமாட்சியைக் கூறி, அதனை அடுத்துக் கல்வி, கல்லாமை, கேள்வி, அறிவுடைமை என்னும் அதிகாரங்களை வைத்தார். நாடு, அரண், பொருள், படை என்பனவற்றுக்குரிய அதிகாரங்கள் நெடுந்தூரம் கழிந்த பின்னரே வருகின்றன. ஆளுவோன் தன் தொழிற்கருவிகளை அறியுமுன் கற்றும் கேட்டும் அறிவு நிரம்புதல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும்.

இக்காலத்துப் பெருங் கம்பனிகள் சில, பண்டைச் சிற்றரசுகளினும் மிக்க ஆள்வலியும் பொருள்வலியும் உடையன. அவற்றை நடத்துவோர்க்கெனத் தனிக் கல்வி வகுக்கும் வழக்கமும் பெருகியுள்ளது. அக்கல்வியின் பொருளை யார் தெரிதல் வேண்டும்? அதன் பயனை எக்கோலால் அளத்தல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஆராய்தற்கு அமெரிக்காவிலே 1953 தொடக்கம் 1960 வரை நிகழ்ந்த ஒரு பரிசோதனை பெரிதும் துணைசெய்யும். அப்பரிசோதனை கைவிடப்பட்டது. எனினும், கைவிடப்பட்ட காரணமே அதன் வெற்றிக்குச் சான்றாகும் என்பது எமது துணிபு.

அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் தோன்றிய கம்பனி நாளடைவில் வளர்ந்து, அந்நாட்டுத் தொலைபேசித் துறையின் பெரும்பகுதியைத் தன்னகத்தே கொண்ட பெல் அமைப்பு ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் உயர்பதவிகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தோருட் பலர் தொழில்நுட்பக் கல்வி பெற்றவர். தத்தம் பகுதியின் வேலையை அவர் நன்கு அறிவர். அதற்கு அப்பாற்பட்ட உலகினை அறியும் வாய்ப்பு அவர்க்கு அரிதாயிருந்தது. இக்குறையை உணர்ந்தவர் பென்சில்வேனியா பெல் தொலைபேசிக் கம்பனியின் தலைவர் டபிள்யூ. டி. கில்லன். அவர் 1952இல், தாம் அறங்காவலராயிருந்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தை அணுகினார். அதன் பயனாக, நிருவாகிகளுக்கான மானிடக் கலைக் கல்வி நிறுவகம் தோன்றிற்று.

தெரிந்தெடுக்கப்பட்ட அலுவலர் பத்து மாதம் அலுவற் கடமைகளினின்றும் விடுவிக்கப்பட்டுப் பல்கலைக்கழகத்திலே தங்கிப் பயின்றனர். வகுப்புக்கள் மொத்தம் 550 மணிநேரம். தத்துவம், வரலாறு, இலக்கியம், கலை என்பனவே பாடங்கள். கணக்கியலுக்கோ விற்பனை முறைக்கோ ஆங்கு இடமில்லை. கவிஞர் ஓடன், நகர வரலாற்றறிஞர் லூயிஸ் மம்போர்ட் முதலாக ஏறத்தாழ 160 அறிஞர் வந்து உரையாற்றினர். அப்பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டிக்பி போல்ற்செல் 1955இல் ஹாப்பர்ஸ் இதழில் இம்முயற்சியை விவரித்தார்; பட்டமேற்படிப்பு மாணவர் அத்துணைக் காலத்திற் கற்பதினும் மிகுதியாக இவர்கள் கற்க வேண்டியிருந்தது என்பது அவர் தரும் செய்தி. பிறர் போக்கைப் பார்த்துத் தம் போக்கை அமைத்துக்கொள்ளும் மனிதரைப் பற்றி டேவிட் றீஸ்மன் எழுதிய நூலையும் இவர்கள் படித்து விவாதித்தனர். பெரிய அலுவலகம் ஒன்றின் படிகளில் ஏறிக்கொண்டிருப்போர்க்கு அது தம்மையே காட்டும் கண்ணாடியாய் இருந்திருத்தல் வேண்டும்.

பயிற்சியின் முடிநிலையாக வைக்கப்பட்டது ஜேம்ஸ் ஜொய்சின் யுலிசிஸ். மும்மணி நேரக் கருத்தரங்குகள் எட்டு அந்நூலுக்கென்றே ஒதுக்கப்பட்டன. தொலைபேசிக் கம்பனிக்கும் இக்கடின நாவலுக்கும் யாது தொடர்பு என வினவலாம். 1922இல் வெளிவந்த அந்நாவல், 1904 யூன் 16ஆம் நாளில் டப்ளின் நகரத்திலே நிகழ்வனவற்றைக் கூறுவது. கதைத்தலைவன் புளூம் செய்தித்தாளுக்கு விளம்பரம் சேர்ப்பவன். ஒரு விளம்பரத்தைப் புதுப்பித்துக்கொள்ள அவன் அலைகின்றான். அவ்வலைச்சலினூடே, குழந்தைப் பருவத்தில் இறந்த மகனின் நினைவும் மனைவியைப் பற்றிய மனக்கலக்கமும் அவனை விட்டு நீங்கவில்லை. வணிக உலகின் கடைநிலை மனிதன் ஒருவனை உள்ளிருந்து காணும் கண்ணை இந்நூல் தருகின்றது. ஆயிரக்கணக்கானோரை வேலைவாங்கும் பதவிக்கு வரவிருக்கும் ஒருவர், சம்பளப் பட்டியலில் ஒரு பெயராய்த் தோன்றும் மனிதனின் ஒருநாள் வாழ்வு எத்துணை ஆழமுடையது என அறிதல் பயனற்ற கல்வியன்று. தெரிவு செய்தோர் நன்றே செய்தனர் என்க.

இனி, விளைவினை நோக்குவோம். பயின்றோர் முன்னினும் பரந்து படித்தனர். தன்னம்பிக்கையும் சிந்தனை ஊக்கமும் பெற்றனர் என்று மதிப்பீடுகள் காட்டின. அவற்றோடு மற்றொன்றும் புலப்பட்டது. குடும்பத்துக்கும் ஊருக்கும் தாம் செய்ய வேண்டியவற்றைப் பின்தள்ளிக் கம்பனியின் இலாபத்தையே முன்வைக்கும் விருப்பம் அவர்களிடத்துக் குறைந்திருந்தது. கம்பனி தன் ஆதரவைப் படிப்படியாக விலக்கிற்று. 1960இல் நிறுவகம் முடிவெய்தியது.

கம்பனியின் பக்கத்து நியாயத்தையும் மறுத்தலாகாது. பங்காளர் பணத்தைச் செலவிடுவோர் அதன் பயன் யாது எனக் கேட்டல் முறையே. நிறுவகத்திடத்தும் குறையுண்டு. அது ஒரு தலைவரின் நன்னோக்கிற் பிறந்தது. எத்தகைய மாற்றம் உண்டாயின் அதனைப் பயன் எனக் கொள்வது என்பதைக் கம்பனி முன்னரே தெளிந்து ஏற்றதாகத் தோன்றவில்லை. மனிதரை மாற்றி, அவர் மீண்டு சென்று அமரும் அலுவலகத்தை மாற்றாது விட்டால், முரண்பாடு தோன்றுதல் இயல்பு. ஆயினும், பரந்த நோக்கு வேண்டும் என அனுப்பிவிட்டு, அந்நோக்குத் தன் வாயிலோடு நில்லாமையைக் குற்றமாகக் காணுதல் பொருந்தாது. வீட்டையும் ஊரையும் மறவாத நிருவாகி, அவ்வூர்களுக்கே தொலைபேசி வழங்கும் கம்பனிக்கு எவ்வாறு பகையாவான்?

இதற்கு மாறான ஒரு முறையும் அக்காலத்தே தோன்றிற்று. ஜெனரல் இலெக்ரிக் கம்பனி 1956இல் நியூயோர்க் மாநிலத்துக் குரொட்டன்விலில் தன் சொந்தக் கல்விக்கூடத்தை நிறுவியது. அதிகாரத்தைப் பல பிரிவுகளுக்குப் பகிர்ந்தளித்த றல்ஃப் கோடினரின் திட்டத்துக்கு ஏற்ற முகாமையாளரை ஆக்குதல் அதன் நோக்கம். 1981 முதல் 2001 வரை தலைவராயிருந்த ஜாக் வெல்சும் தாம் விரும்பிய மாற்றங்களைப் பரப்ப அவ்விடத்தையே பயன்படுத்தினார். இக்கல்விக்கூடம் நிறுவகத்தினும் நெடுங்காலம் நிலைத்தது. தலைவரின் திட்டத்தை நிறைவேற்றக் கற்பித்தல் அங்கே சிறந்திருக்கலாம். திட்டமே தக்கதா என வினவக் கற்பித்தல் வேறொரு செயல். கம்பனி கேட்ட வினாவுக்கு விடைதரும் ஆற்றல் ஒன்று. கேட்கத்தக்க வினா எது எனத் தெரியும் ஆற்றல் மற்றொன்று. உயர்பதவிக்கு இரண்டாவதும் இன்றியமையாதது.

பெல் அமைப்பின் பிற்கால வரலாறும் இதனை உணர்த்தும். அரசாங்கம் 1974இல் தொடுத்த ஏகபோக எதிர்ப்பு வழக்கின் முடிவாக, 1984 சனவரி முதலாம் நாளில் அவ்வமைப்புப் பிரிக்கப்பட்டது. நிறுவகம் நீடித்திருப்பின் இது நேர்ந்திராது என்று கூறுதற்கில்லை. ஆனால் அவ்வழக்கு எழுப்பிய வினா, ஒரு பொதுத்தேவையைத் தனிக்கம்பனி எவ்வளவு தூரம் தன்வயப்படுத்தலாம் என்பது. கம்பியையும் பொறியையும் மட்டும் அறிந்தோர்க்கு அதனை எதிர்கொள்ளும் அறிவு போதாது. பத்து மாதம் வரலாறும் தத்துவமும் கற்றோர்க்கு அது புதியதாய் இராது.

இன்று பல்கலைக்கழகங்கள் பல, கம்பனிகளின் வேண்டுகோளுக்கு இணங்க அவ்வவற்றின் மேலாளர்க்கெனப் பாடத்திட்டம் வகுக்கின்றன. சில நாளில் முடியும் பயிற்சிகளும் அவற்றுள் உண்டு. உடலுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்தல்போல அது செம்மையாக அமையலாம். ஆனால் வளரும் பிள்ளைக்குத் தைப்போர் சிறிது இடம்விட்டே தைப்பர். கற்பிக்கப் புகும் பல்கலைக்கழகம் அவ்விடத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். பணம் கொடுக்கும் கம்பனி அதனை மனமுவந்து அளித்தல் வேண்டும். அவ்வுடன்பாடு இல்லாவிடத்து நிகழ்வது பயிற்சியே. அதனைக் கல்வி என அழைத்தல் பொருந்தாது.