படியாத தடையும் படித்த மௌனமும்

கெலிஓயாவில் என் வீட்டு அலமாரியில் இருக்கும் பாப்லோ நெரூதாவின் நினைவுக் குறிப்புகள், 1977-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த மொழிபெயர்ப்பின் பழைய பிரதி, பேராதனை வளாகத்தில் படித்த நாளில் நண்பர் நால்வர் கைமாறி, கடைசியில் கேட்பாரின்றி என்னிடமே தங்கிவிட்ட ஒன்று. இலங்கையைப் பற்றிய பகுதியில், வெள்ளவத்தைக் கடலோரத்து வீட்டில் கவிஞர் வளர்த்த கீரிப்பிள்ளையின் சேஷ்டைகளுக்கெல்லாம் பென்சில் கோடுகள் விழுந்திருக்கின்றன. அங்கிருந்து சில பக்கம் தள்ளி வரும் வேறொரு சம்பவத்துக்கு ஒரு கோடும் இல்லை. கோடிட்டவர்களில் நானும் ஒருவன்.

நூல்தடை, பகிஷ்காரம், கிரந்தகர்த்தாவின் ஒழுக்கம் என்னும் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஆயினும், தடுத்தவன் நூலைப் படித்தானா என்ற கேள்வியை முன்வைத்துப் பார்க்கையில், இவை வேறு வகையாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். பாரதியார் மறைந்து ஏழாண்டு கழித்து, 1928-இல், பர்மா அரசைப் பின்பற்றிச் சென்னை அரசு அவருடைய பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தபோது, அப்பாடல்கள் என்ன செய்யும் என்பதை அது நன்றாக அறிந்திருந்தது. சட்டசபையில் சத்தியமூர்த்தி அதைக் கண்டித்துப் பேசினார். ஆனால் அந்நிய அரசின் வாசிப்பில் பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுதந்திரத்துக்குப் பின்னர், இராவணனைக் காவிய நாயகனாக்கிப் புலவர் குழந்தை பாடிய 3100 பாடல்கள் கொண்ட இராவண காவியம் 1948-இல் தடை செய்யப்பட்டு, 1971-இல்தான் விடுதலை பெற்றது. அங்கும் தடுத்தவர்கள் பொருளை உணர்ந்தே தடுத்தார்கள். அநியாயமே எனினும், நூலுக்கு ஒரு விபரீத மரியாதை அதில் இருந்தது.

இவ்விரண்டுக்கும் புறம்பானது, எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை அரசு தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு விதித்த கட்டுப்பாடு. மலிவான பொழுதுபோக்கு ஏடுகள் ஈழத்து எழுத்தை அமுக்குகின்றன என்று கூறி, நம் எழுத்தாளரில் ஒரு சாராரே அதைக் கோரிவந்தனர். வீரகேசரி பிரசுரமாக உள்ளூர் நாவல்கள் வரிசையாக வெளிவந்தது அக்காலத்தில்தான். அந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், எதைப் படிக்கலாம் என்பதைச் சுங்க அதிகாரி தீர்மானிக்கட்டும் என்று எழுதுகிறவனே கேட்டுக்கொண்டது எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை.

படியாதவரின் தடை இவற்றினும் கொடியது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரித்தவர்கள் அவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்திருப்பார்களா? பிற்காலத்தில் பேராதனையில் பேராசிரியராயிருந்த எம். ஏ. நுஃமான் அதைப் பற்றிக் கவிதை எழுதினார். மலையகத்தை நிலைக்களமாகக் கொண்டு, தமிழ்ப் பெண்ணொருத்தியின் துயரத்தைப் பரிவோடு சொன்ன பிரசன்ன விதானகேயின் திரைப்படம் 2014-இல் சென்னையில் மிரட்டலுக்கு உள்ளாகித் திரையரங்கிலிருந்து நீக்கப்பட்டது. இயக்குநர் சிங்களவர் என்பதற்கு மேல் எதிர்த்தவர்களுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2017-இல் வெளியிட்ட ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கிறது என்ற குற்றச்சாட்டின்பேரில், 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். அந்நூல் வன்முறையைக் கண்டிக்கும் நூல் என்று தமிழறிந்தோர் எடுத்துரைத்தும், பத்தொன்பது மாதம் சிறையிலிருந்த பின்னரே அவருக்குப் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இது தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ மட்டும் நேர்வதன்று. ஒரு சிறுகதைக்காக 2019-இல் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஏறக்குறைய நான்கு மாதம் மறியலில் இருந்தார்.

இத்தனையும் சொல்லிப் பிறர் அறியாமையைக் கண்டிப்பது எளிது. படிக்கத் தெரிந்த நாம் என்ன செய்தோம் என்று கேட்கும்போதுதான் என் அலமாரிப் பிரதி இடறுகிறது. 1929-இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்பில் இருந்த நெரூதா, அதிகாலையில் கக்கூசு வாளியை எடுத்துச் செல்ல வரும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்க்கிறார். அவள் வரும் வழியில் பட்டும் பழமும் வைக்கிறார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் மணிக்கட்டைப் பற்றி அறைக்குள் இழுத்துச் செல்கிறார். கண்களை மூடாமல் சிலைபோல் அவள் கிடந்தாள் என்றும், தம்மை அவள் இகழ்ந்தது நியாயமே என்றும் எழுதி, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். நூல் அவர் இறந்த மறு வருஷம், 1974-இல், வெளிவந்தது. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. 2018-இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்ட முனைந்தபோது சிலி நாட்டுப் பெண்களே எதிர்த்து எழுந்தனர். தமது ‘அக்ஷரய’ திரைப்படத்துக்கு 2006-இல் அரசின் தடையைச் சந்தித்த அசோக ஹந்தகம, 2021-இல் அப்பக்கத்தையே ‘அல்பொராத’ என்ற படமாக்கினார். நாமோ காதல் கவிதைகளை மொழிபெயர்ப்பதிலேயே மும்முரமாயிருந்தோம்.

அந்தப் பெண் எந்தச் சமூகத்தவள் என்பதைக் கண்டிப் பகுதியில் வாழ்கிறவனுக்கு விளக்க வேண்டியதில்லை. நகரசபைத் துப்புரவுத் தொழிலுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் மஹியாவையில் இன்றும் வாழ்கிறார்கள். நெரூதாவின் கவிதையை விலக்க வேண்டும் என்பது என் கட்சியன்று. நான் விலக்கவுமில்லை, இரவில் எடுத்துப் படிக்கிறேன். கவிதை வேறு, கவிஞன் வேறு என்ற சூத்திரத்தைச் சொல்லும் உரிமை, அப்பக்கத்தைக் கோடிடாமல் புரட்டிய எனக்கு உண்டா என்பதில்தான் சந்தேகம்.

சென்ற வருஷம் உயர்தரம் படிக்கும் ஒரு மாணவிக்கு அந்நூலைக் கொடுத்தேன். பத்து நாளில் திருப்பிக் கொண்டுவந்தவள், “சேர், அந்தப் பெண்ணிட பேர் என்ன?” என்று கேட்டாள். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். கீரிப்பிள்ளைக்குக் கிரியா என்று பெயர் இருக்கிறது.