மனையும் மாதிரியும்

கட்டிடத்தின் மாதிரியுரு கட்டுவோர்க்கு ஒரு கருவி. கட்டிடம் எழுந்தபின் அதற்கு வேலையில்லை. ஆயின், கட்டிடம் எழாதவிடத்தும் இடிந்து மறைந்தவிடத்தும் அது தானே கலைப்பொருளாகிச் சமுதாயத்தை மதிப்பிடத் தொடங்குகின்றது.

ஒரு கட்டிடம் பிறிதொன்றுக்காக நிற்றல் அம்பாறைக் கரையோரத்தார்க்குப் புதிதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி, நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாக எழுந்தது. கடலுக்கப்பாலுள்ள தலத்தை அது இக்கரையில் நினைப்பிக்கின்றது.

கொங்கோ நாட்டுக் கலைஞர் பொடிஸ் இசெக் கிங்கெலெஸ் (1948–2015) காகிதத்தாலும் அட்டையாலும் நகரங்களைச் சமைத்தார். தாம் பிறந்த சிற்றூரையே 1994இல் வானளாவும் மாடங்கள் நிறைந்த மாநகராக்கிக் காட்டினார். அவ்வழகு, உண்மையான ஊருக்கு மறுக்கப்பட்டவை எவையென வினவுகின்றது.

அவர் இனி வரவேண்டிய ஊரை ஆக்கினார். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இழந்த வீட்டை மீட்கின்றார். 2011இல் நூலுருவில் வெளிவந்த அவரது படைப்பு, ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடாகிய தோம்பின் பெயரைத் தாங்கியது. அத்தோம்பு முற்றுப்பெறாதது என்பதையும் அதன் தலைப்பே கூறும். போரால் இடம்பெயர்ந்தோர் நினைவிலிருந்து தம் வீட்டை வரைகின்றனர். அது கட்டிடக்கலைஞரின் அளவான வரைபடமாகின்றது. ஈற்றில் ஓவியரின் கற்பனை அதனோடு சேர்கின்றது. இங்குள்ளது அட்டையாலான மாதிரியன்று, தாளில் வரைந்த தளப்படமே; ஆயினும் இல்லாத வீட்டுக்காக நிற்பதால் மாதிரியின் தொழிலையே அது செய்கின்றது. நடுங்கிய கோடு நேர்க்கோடாகும்போது ஏதோவொன்று கழிகின்றது. இது குறையெனத் தோன்றினும், மூன்றையும் அருகருகே வைத்தமையால் அக்கழிவே படைப்பின் பொருளாகின்றது.

இப்படைப்பை அம்பாறைக் கரையில் வைத்துப் படித்தல் தகும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஏறத்தாழப் 10,000 உயிர்களைக் கொண்டது. அதன்பின், கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடமைத்தல் தடைப்பட்டது. அவ்வெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் நெருங்கி வாழ்ந்தோர்க்குக் கரையை விட்டால் வயலன்றி வேறு நிலம் அரிது. அக்கரைப்பற்றை அடுத்த நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியால் 500 வீடுகள் எழுந்தன. அவற்றைப் பங்கிடுதல் வழக்காகவே, பல்லாண்டு அவை குடியின்றிக் கிடந்தன.

தோம்பிலுள்ள வீடுகளுக்குச் சுவரில்லை. ஆனால் மனிதர் உளர். நுரைச்சோலை வீடுகளுக்குச் சுவர் இருந்தது, மனிதர் இலர். ஆளற்றுக் கிடந்தபோது அவையே முழு அளவில் எழுப்பிய மாதிரிகளாயின. வீடென்பது அளவா, வாழ்வா என்னும் வினாவைத் திட்டமிடுவோர் கேட்க மறந்தனர். கலைஞன் அதனைக் கேட்டான். மாதிரியுருவைக் கலையென மதித்தற்கு அவ்வினாவே போதிய காரணமாகும்.