பிரின்ஸ்டன் மாணவர்களின் பழைய நாடகத் தாள்களை எப்படி ரசிப்பது?

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ‘ட்ரையாங்கிள் கிளப்’ என்ற மாணவர் குழு இருக்கிறது. 1891இல் வேறொரு பெயரில் தொடங்கியது. கதை, பாட்டு, இசை எல்லாம் மாணவர்களே எழுதி, மேடையேற்றி, அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ரயிலேறி ஊர் ஊராகப் போய் நடத்திவிட்டு வந்தார்கள். அந்த நாடகங்களின் புரோகிராம் புத்தகமோ பாட்டுத் தாளோ கைக்கு வந்தால், பலரும் புகழ்பெற்ற ஒரு பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மற்ற பெயர்களையும் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

நடிகர் பட்டியலில் தொடங்குங்கள். கதாநாயகி, அவள் தோழி, நடனப் பெண்கள் என எல்லா வேடத்துக்கும் எதிரே ஆண் பெயர்தான் இருக்கும். இளநிலைப் படிப்பில் பிரின்ஸ்டன் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969இல்தான். அதற்கு முந்தைய படங்களில் கவுன் அணிந்து நிற்கும் பையன்களின் தோள்களையும் நிற்கும் தினுசையும் பாருங்கள், எத்தனை சிரத்தை!

1914ஆம் ஆண்டு நாடகம் ‘ஃபை! ஃபை! ஃபீஃபீ!’. அதன் பாட்டுத் தாள்களை சின்சினாட்டியின் ஜான் சர்ச் கம்பெனி அச்சிட்டு வெளியிட்டது. பாடல்களை எழுதியவர் அப்போது அங்கே மாணவராயிருந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு. அவருடைய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவல் வர இன்னும் பதினொரு ஆண்டுகள் இருந்தன. கதை வசனத்திலும் பெரும்பகுதி அவருடையதே, ஆனால் அச்சில் அந்தப் பெருமை குழுத் தலைவர் வாக்கர் எல்லிஸுக்குப் போயிற்று. மதிப்பெண் குறைந்ததால் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குச் சுற்றுப்பயணத்தில் இடமும் கிடைக்கவில்லை. அவர் பெயர் தாங்கிய தாள் போன ஊர்களுக்கு அவர் போகவில்லை. கல்லூரி வழக்கப்படி மாணவர் பெயரை ஒட்டி, பட்டம் பெறவேண்டிய ஆண்டையும் குறிப்பார்கள். அவருக்கு அது 1917. அந்த ஆண்டில் அவர் பட்டம் வாங்காமலே ராணுவத்தில் சேர்ந்தார். இதெல்லாம் தெரிந்தபின் அந்தச் சின்ன எழுத்துகளை மறுபடி படித்துப் பாருங்கள்.

பாட்டுத் தாள் வீட்டுப் பியானோவில் வைத்து வாசிப்பதற்காக விற்கப்பட்டது. எனவே கீழ் மூலை நைந்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். பக்கம் புரட்டிய விரல் அங்கேதான் பட்டிருக்கும். ஸ்வரங்களின் மேல் பென்சிலால் விரல் எண் குறித்திருந்தால் எனக்கு அது புத்தம்புதிய பிரதியைவிட உயர்வு. புரோகிராம் புத்தகத்தின் விளம்பரப் பக்கங்களையும் தள்ளிவிடாதீர்கள். மாணவனின் பையிலிருந்த காசை யார் யார் குறிவைத்தார்கள் என்பது அங்கே தெரியும்.

1934இன் ‘ஸ்டாக்ஸ் அட் பே’ நாடகத்துக்காக புரூக்ஸ் போமன் என்ற மாணவர் எழுதி இசையமைத்த ‘ஈஸ்ட் ஆஃப் த சன்’ பிற்பாடு ஜாஸ் கலைஞர்கள் விடாமல் வாசிக்கும் பாட்டாயிற்று. சினாட்ரா பாடினார், சார்லி பார்க்கர் வாசித்தார். போமன் 1937இல் கார் விபத்தில் இறந்தபோது 24 வயதுகூட நிறையவில்லை. பாட்டின் பதிவு ஒன்றை ஓடவிட்டு, தாளை எதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள்.

விலை கொடுத்து வாங்கித்தான் ரசிக்க வேண்டும் என்பதில்லை. குழுவின் பழைய ஆவணங்கள் பிரின்ஸ்டனின் மட் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.